பட்டாளத்தில் உடல்நலம் இழந்து திரும்பியவர் வீட்டுக்குத் துணை போவது எப்படி? ஊர்த் தன்னார்வக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை மக்கள் ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் சுதந்திர தினத்துக்கும் டிசம்பர் 7 கொடிநாளுக்கும் முன்னாள் படைவீரர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த மேடைக்கு வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். கண்ணிவெடியில் காலை இழந்தவர், முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போனவர், பனிமலைக் காவலில் நுரையீரல் கெட்டு மெடிக்கல் போர்டில் (படை மருத்துவர் குழுவின் முடிவின்படி) வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், பீரங்கிச் சத்தத்தில் காது போனவர், இரவில் தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர். அவர்களையும், அவர்களைத் தூக்கி உட்காரவைத்துச் சோறு போடும் மனைவிமார்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

இவர்களுக்காகச் சட்டத்திலும் அரசாணைகளிலும் எழுதிவைத்திருப்பது கொஞ்சமல்ல. ஆனால் அது தானாக வீடு தேடி வருவதில்லை. படிவத்தைப் படித்துச் சொல்லவும், அலுவலகத்துக்குக் கூட வரவும், பதில் வரும்வரை விடாமல் கேட்கவும் ஓர் ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்த ஆளாக இருப்பதுதான் ஊர்க் குழுவின் முதல் கடமை என்பது என் உறுதியான எண்ணம். அரிசி மூட்டையும் சேலையும் அதற்குப் பிறகு வரட்டும்.

அலுவலகத்தில் இருந்து தொடங்குங்கள்

முன்னாள் படைவீரர் நலனுக்கு மூன்று அடுக்கு அமைப்பு இருக்கிறது. டெல்லியில் மத்திய சைனிக் வாரியம், மாநிலத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறை, மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். மாவட்ட அலுவலகத்துக்கு உதவி இயக்குநர் ஒருவர் பொறுப்பு. பெரும்பாலும் அவரும் படையில் இருந்து வந்தவராகவே இருப்பார். அடையாள அட்டை, விதவையர் அட்டை, கல்வி உதவி, மருத்துவ நிதி, மத்திய வாரியத்துக்குப் போகும் விண்ணப்பங்களின் சரிபார்ப்பு எல்லாம் இந்த ஒரு மேஜை வழியாகத்தான் நகர்கின்றன. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் முன்னாள் படைவீரர்களுக்கென்று தனியாகக் குறைதீர்க்கும் கூட்டமும் நடக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குழு தொடங்கும் எண்ணம் வந்தவுடன் செய்ய வேண்டியது, இரண்டு பேராக அந்த அலுவலகத்துக்குப் போய், எந்த ஊர்களுக்கு உங்களால் போக முடியும், என்ன செய்ய முடியும் என்று சொல்வது. பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். அது அடுத்தவர் வீட்டு விவரம், அவர்கள் கொடுக்கவும் கூடாது. “உதவி தேவைப்படுகிற குடும்பம் வந்தால் எங்கள் எண்ணைக் கொடுங்கள், அவர்கள் விரும்பினால் கூப்பிடட்டும்” என்று சொன்னால் போதும். அதோடு உங்கள் வட்டத்தில் ஏற்கெனவே முன்னாள் படைவீரர் சங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதில் சேர்ந்து வேலை செய்யுங்கள். ஒரே ஊரில் இரண்டு பெயர்ப்பலகை எதற்கு?

யார் யார் வேண்டும்

ஐந்து பேர் போதும். ஆனால் ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆள்களாக இருந்தால் பயனில்லை. படைப்பிரிவில் கிளர்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். ஆர்டர், ஆவணம், படையில் புழங்கும் சுருக்கப் பெயர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர். கணினியும் ஸ்கேனரும் வைத்திருக்கிற, பொறுமையுள்ள இளைஞர் ஒருவர். கார் அல்லது ஆட்டோ வைத்திருப்பவர் ஒருவர். இவர்களோடு, வீட்டுப் பெண்களிடம் அடுப்படியில் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு பெண் கட்டாயம் வேண்டும். இவர் இல்லாத குழுவுக்குப் பாதி உண்மை தெரியவே வராது.

பட்டாளத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களும் தாராளமாக வரலாம். வந்தால் ரேங்க் வரிசையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். ஓய்வு பெற்று முப்பது வருடமானாலும் “சுபேதார் ஐயா” என்று கூப்பிட்டால் அவர் நிமிர்ந்து உட்காருவார். படுக்கையில் இருப்பவராக இருந்தாலும் அப்படித்தான்.

முதல் முறை வீட்டுக்குப் போகும்போது

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவருக்கும் செயற்கைக் கால் மாட்டுபவருக்கும் காலை நேரம் பெரிய வேலை. திடீரென்று வந்து நின்றால் கூசிப்போவார்கள். பதினொரு மணிக்குமேல் போவது நல்லது.

எப்படி அடிபட்டது என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், பாதியில் நிறுத்தினால் விட்டுவிடுங்கள். சண்டையில் அடிபட்டவர், பயிற்சியில் விழுந்தவர், விடுப்பில் வரும் வழியில் விபத்தில் சிக்கியவர் என்று தரம் பிரித்துப் பேசுவதும் கூடாது. ஓய்வூதிய விதிகளில் அந்த வேறுபாடு உண்டு. உங்கள் மரியாதையில் இருக்க வேண்டியதில்லை. புகைப்படம் எடுக்கவே வேண்டாம். உதவி செய்யும் படத்தை வாட்ஸ்அப்பில் போடுகிற குழுவுக்கு இரண்டாவது முறை அந்த வீட்டுக் கதவு மனதாரத் திறக்காது.

முதல் நாளே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். “பார்க்கிறோம், இன்ன தேதிக்குள் வந்து சொல்கிறோம்” என்று சொல்லுங்கள். பதில் இல்லாவிட்டாலும் அந்தத் தேதிக்குப் போய், “இன்னும் பதில் வரவில்லை” என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஏற்கெனவே பலர் வந்து குறித்துக்கொண்டு போய், திரும்பி வராமலிருந்த வீடுகள் இவை.

பெட்டியைத் திறப்பது

பட்டாளத்துக்காரர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கும். மூடியின்மேல் வெள்ளைப் பெயின்டில் எண், ரேங்க், பெயர். எண் அழிந்திருந்தாலும் அவரைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். உள்ளே பாலிதீன் உறையில் டிஸ்சார்ஜ் புத்தகம், மடிப்பில் கிழிந்துபோன பென்ஷன் ஆணை, மெடிக்கல் போர்டின் காகிதங்கள், பழைய கேன்டீன் அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் கலந்து கிடக்கும். அன்றைய வேலை இவற்றைப் பிரித்து அடுக்குவது மட்டும்தான். அசல் எதையும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள். ஸ்கேனரை அங்கேயே கொண்டுபோய், நகலெடுத்து, அசலை அதே உறையில் அவர் கண்முன்னே வையுங்கள்.

பிறகு பெயர்களைப் பாருங்கள். நம் ஊர் வழக்கில் இனிஷியல் முன்னால் வரும். படைப்பிரிவின் ஏடுகளில் அது பின்னால் போயிருக்கும், அல்லது தகப்பன் பெயர் முழுதாக ஏறியிருக்கும். ஆதாரில் வேறு மாதிரி. மனைவியின் பெயரில் சிக்கல் இன்னும் அதிகம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் லட்சுமி, ஆதாரில் லட்சுமி அம்மாள், வங்கிப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டலே வேறு. பிறந்த தேதி, கல்யாணமான புதிதில் கணவர் யூனிட்டில் உத்தேசமாகச் சொன்ன தேதி. அவர் உயிரோடு இருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. அவர் போன பிறகு, குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த அம்மா வங்கி வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். அப்போது சாட்சி சொல்ல வேண்டியவரே இருக்க மாட்டார்.

அதனால் உங்கள் குழு செய்யக்கூடிய எல்லா உதவிகளிலும் இதையே முதலாவதாக வைக்கிறேன்: கணவர் இருக்கும்போதே மனைவி, பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கும்படி திருத்திவிடுங்கள். திருமணமும் பிள்ளைப் பிறப்பும் பணியில் இருக்கும்போது ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற படைப்பிரிவின் பதிவு ஆணை மூலம் பதிவாகியிருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் அவருடைய பணி ஏடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு, மாவட்ட நல அலுவலகத்தின் மூலமாக எழுத வேண்டும். ரெக்கார்டு ஆபீஸ் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு மாறும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி மாவட்டம் வெலிங்டன். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர், இ.எம்.இ. என்ற மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவுக்குச் செகந்திராபாத். கடிதத்தில் படை எண், ரேங்க், பெயர் மூன்றும் மேலே இருக்க வேண்டும். எண் இல்லாத கடிதம் எந்த மேஜைக்கும் போய்ச் சேராது.

டிசபிலிட்டி பென்ஷன்: நான்கு கேள்விகள்

உடல் குறைக்காகத் தரும் இந்த ஓய்வூதியத்தில்தான் புதியவர்கள் மிரண்டுபோகிறார்கள். சட்டம் முழுவதும் உங்களுக்குத் தெரிய வேண்டாம். நான்கு கேள்விக்குப் பதிலைக் காகிதத்தில் கண்டுபிடித்தால் மேற்கொண்டு யாரிடம் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதல் கேள்வி, எப்படி வெளியே வந்தார்? மெடிக்கல் போர்டு ஆகி அனுப்பப்பட்டாரா, சர்வீஸ் முடிந்து, உடல் குறையோடு வந்தாரா? இரண்டாவது, போர்டு உடல் குறை எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது? பொதுவாக 20 சதவீதமாவது இருக்க வேண்டும். மூன்றாவது, காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது? படைப்பணியால் வந்தது, அல்லது ஏற்கெனவே இருந்து படைப்பணியால் மோசமானது என்று இருந்தால் உரிமை உண்டு. இரண்டும் இல்லை என்று எழுதி மறுத்திருந்தால் அத்தோடு கதை முடிந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடத் தேவையில்லை. 2013 இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், படையில் சேரும்போது அந்த நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், அது பணியால் வந்தது என்றே கருத வேண்டும் என்றும், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் நியாயம் பெற்றிருக்கின்றன.

நான்காவது, வெளியே வந்த தேதி. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முன்னால் வந்தவருக்குப் பழைய விதி, பிறகு வந்தவருக்குப் புதிய விதி. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது இவருக்கும் கிடைக்கும் என்று நீங்களாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பழைய விதியில் வந்தவர்களுக்குச் சதவீதத்தை மேலே உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. 50க்குக் குறைவாக இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். போர்டில் 30 என்று எழுதியிருந்தாலும் தொகை 50க்கு வர வேண்டும். முதலில் இது மெடிக்கல் போர்டில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வயதானவர்களின் பென்ஷன் ஆணையில் இந்தத் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சண்டையிலோ ராணுவ நடவடிக்கையிலோ அடிபட்டவருக்குப் போர்க்காய ஓய்வூதியம் என்று இதைவிடக் கூடுதலான இனம் தனியாக இருக்கிறது. நூறு சதவீதம் உடல் குறையோடு, எப்போதும் ஆள் துணை தேவை என்று போர்டு பரிந்துரைத்தவருக்குத் துணையாளர் படி உண்டு. ஆணையில் இவை தனித்தனி வரியாக இருக்கும். வரி இல்லையென்றால் கேட்க வேண்டும்.

மேல்முறையீடு முதலில் படைத் தலைமையகத்துக்கு. அங்கும் மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட இந்தத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. வக்கீல் செலவுக்குப் பயந்து யாரும் நிற்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென்றே தனித் திட்டம் தொடங்கி, சைனிக் வாரிய அலுவலகங்களில் சட்ட உதவி மையம் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அது எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள். குழுவில் யாரும் வக்கீல் வேலை பார்க்க வேண்டாம். காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு பக்கத்தில் வரலாற்றை எழுதிக் கொடுப்பதே பெரிய உதவி.

ஸ்பர்ஷ், வாழ்நாள் சான்று, ஓ.டி.பி.

படைத்துறை ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பின் வழியாக வருகிறது. ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் வாழ்நாள் சான்று ஆண்டுக்கொரு முறை ஏறாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு அலையத் தேவையில்லை. ஜீவன் பிரமாண் செயலியில் கைபேசியின் கேமரா முன் முகம் காட்டினாலே சான்று ஏறும். விரல் ரேகை தேய்ந்த முதியவர்களுக்கும், கை இழந்தவர்களுக்கும் இது வரப்பிரசாதம். குழுவின் இளைஞர் நவம்பரில் வீடு வீடாகப் போய் இதை மட்டும் செய்தாலும் அந்த ஊருக்கு அவர் கடவுள்தான்.

ஓ.டி.பி. எண்ணை வீட்டுக்காரரே பார்த்து, வீட்டுக்காரரே தட்ட வேண்டும். கடவுச்சொல்லை உங்கள் கைபேசியில் சேமிக்காதீர்கள், நோட்டில் எழுதாதீர்கள். ஸ்பர்ஷில் இருந்து பேசுவதாகச் சொல்லி முதியவர்களிடம் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. எந்த அலுவலகமும் தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்காது என்பதைக் கணவன், மனைவி இருவருக்கும், வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

உடம்புக்கு

முன்னாள் படைவீரர்களுக்கென்று 2003 இல் தொடங்கிய இ.சி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால் பாலிகிளினிக்கிலும், அங்கிருந்து அனுப்பப்படும் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் சிகிச்சை. போரில் உடல் உறுப்பு இழந்தவர்களுக்குச் சந்தா விலக்கு உண்டு. அட்டையில் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மகன் என்றால் 25 வயதோடு தகுதி போய்விடும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அந்த வரம்பு கிடையாது. இது தெரியாமல் அட்டை காலாவதியாகிக் கிடக்கும் பிள்ளைகள் உண்டு.

செயற்கைக் காலுக்கு 1944 முதல் இயங்கிவரும் புணே செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குப் புணே கிர்க்கியிலும் மொஹாலியிலும் மறுவாழ்வு மையங்கள். 1965 போரில் குண்டடிபட்டு, 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கரின் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். நம் கும்பகோணத்துக்காரர் ஆனந்தன் குணசேகரன் 2008 இல் கண்ணிவெடியில் காலை இழந்தவர். 2019 இல் வூஹான் உலக ராணுவ விளையாட்டில் 100, 200, 400 மீட்டர் மூன்றிலும் தங்கம் வாங்கினார். வயது குறைந்த ஒருவர் வீட்டில் முடங்கிக் கிடந்தால் புணேயில் இருக்கும் ராணுவ பாராலிம்பிக் பயிற்சிப் பிரிவைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். ஓடினால்தான் ஆயிற்று என்றில்லை. தன்னைப்போல இன்னொருவர் எப்படி வாழ்கிறார் என்று பார்ப்பதே ஒரு மருந்து.

புணே தொலைவு. அவசரத்துக்கும் அன்றாடத்துக்கும் அருகில் இருப்பவற்றைத் தெரிந்துவையுங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு, சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம். தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். இதை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன், 1975 இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981 இல் சங்கத்தைத் தொடங்கினார்.

முதுகுத்தண்டு அடிபட்டவர் வீட்டில் பெரிய எதிரி படுக்கைப்புண். உணர்வு இல்லாததால் வலிக்காது, அதனால் தெரியாது. படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டுவது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி கையூன்றி உடலைத் தூக்கி அமர்வது, தினமும் ஒருமுறை புட்டம், இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் செவிலியர் இதை வீட்டிலுள்ள இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். மனைவி ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவரால் ஒரு நாள்கூட வெளியே போக முடியாது.

சாய்தளம் கட்டிக் கொடுப்பதென்றால் கணக்கோடு கட்டுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் ஊர் வீடுகளில் திண்ணை உயரம். தெருவில் அவ்வளவு இடம் இருக்காது. நாலடியில் செங்குத்தாகக் கட்டிவிட்டால் அதில் நாற்காலியை ஏற்றவே இரண்டு ஆள் வேண்டும், இறங்கும்போது குப்புறக் கவிழும். கொல்லைப்புறம் தரை மட்டமாக இருந்தால் அந்த வழியைச் சரிசெய்யுங்கள். கட்டுவதற்கு முன் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கழிவறைக் கதவு அகலம் போதுமா என்று அளந்து பாருங்கள். வாசலைவிட அதுதான் முக்கியம்.

மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டையும் எடுத்துவிடுங்கள். படையின் சதவீதம் வேறு, 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அரசு மருத்துவர்கள் தரும் சதவீதம் வேறு. மாநில அரசின் சலுகைகளுக்கு இரண்டாவதுதான் செல்லும்.

சொல்லாமல் இருப்பவை

கோபம், தூக்கமின்மை, பட்டாசு சத்தத்துக்குப் பதறுவது, கேன்டீனில் வாங்கும் மது வீட்டில் கலகமாவது. இவை எல்லா வீட்டிலும் இல்லை. இருக்கும் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஊரில் கௌரவமாகப் பார்க்கப்படுகிற மனிதரைப் பற்றி அவர் மனைவி யாரிடம் சொல்வார்? குழுவில் ஒரு பெண் வேண்டும் என்று நான் சொன்னது இதற்காகத்தான். அறிவுரை சொல்லாமல் கேட்பது, மனநல மருத்துவரிடம் கூடப் போவது, 14416 என்ற டெலி மனஸ் இலவச மனநல உதவி எண்ணைக் கொடுப்பது. அடி உதை என்று இருந்தால் 181 பெண்கள் உதவி எண். அவர் நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவர் என்பதற்காக அந்த அம்மா அடி வாங்க வேண்டியதில்லை. இதில் குழுவுக்குள் இரண்டு கருத்து இருக்கக் கூடாது.

பராமரிப்பவருக்கு ஓய்வு கொடுப்பதும் உதவிதான். மாதத்தில் ஒரு ஞாயிறு குழுவினர் இருவர் வீட்டில் உட்கார்ந்துகொள்ள, அவர் அக்கா வீட்டுக்கோ கோயிலுக்கோ போய்வரட்டும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் வீட்டைவிட்டு நகராதவருக்கு அது எவ்வளவு பெரியது என்று செய்து பார்த்தால் தெரியும்.

பிள்ளைகள், பணம், தரகர்கள்

தொழிற்படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை மாதம் மாணவருக்கு 2,500 ரூபாய், மாணவிக்கு 3,000 ரூபாய். மத்திய வாரிய இணையதளத்தில் விண்ணப்பித்து மாவட்ட அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். ஓய்வூதியமே இல்லாமல் வந்த, ஹவில்தார் ரேங்க் வரையிலான, 65 வயது கடந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வறுமை நிவாரணம் 2025 நவம்பர் 1 முதல் மாதம் 8,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. முன்பு அது 4,000. பழைய காலத்தில் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை உங்கள் ஊரில் தேடுங்கள். அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள்.

பாக்கித்தொகை வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு என்று கேட்கும் தரகர்களை ஊருக்குள் விடாதீர்கள். பென்ஷன் வரும் ஏ.டி.எம். அட்டையை வட்டிக்காரரிடம் அடகு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. வரப்போகும் ஓய்வூதியத்தை எழுதிக்கொடுப்பதும் அடகு வைப்பதும் 1871 ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்படி செல்லாது. இதை வட்டிக்காரரிடம் சொல்ல ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போங்கள், தனியாகப் போக வேண்டாம்.

உங்கள் குழு பணம் வசூலிக்கும் என்றால், ஏழு பேர் சேர்ந்து 1975 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்து, வங்கிக் கணக்குத் தொடங்கி, ரசீது கொடுத்துச் செய்யுங்கள். இல்லையென்றால் பணத்தைத் தொடாதீர்கள். கொடிநாளுக்குக் கொடுக்க நினைப்பவரை நேரே மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பணமில்லாமலேயே மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியைச் செய்ய முடியும். ஒரு நோட்டு மட்டும் வேண்டும்: எந்த வீடு, என்ன விண்ணப்பம், எந்தத் தேதியில் அனுப்பியது, யார் அடுத்துப் போக வேண்டும்.

அவர் போன பிறகு

பல குழுக்கள் மாலை வைத்ததோடு நின்றுவிடுகின்றன. அந்த வீட்டுக்கு உங்கள் தேவை அப்போதுதான் அதிகம்.

சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். படைப்பணியால் வந்ததாக ஏற்கப்பட்ட அந்த உடல் குறையே மரணத்துக்குக் காரணம் என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், அது 60 சதவீதம். இரட்டிப்பு வேறுபாடு. ஆனால் இறப்புச் சான்றில் காரணம் சரியாக எழுதப்படாவிட்டால் இதைப் பிறகு மெய்ப்பிப்பது கடினம். வெறுமனே மாரடைப்பு என்று எழுதுவதற்கு முன், இத்தனை வருடமாக இருந்த காயமும் அதனால் வந்த தொற்றும் சிறுநீரகக் கோளாறும் மருத்துவரின் கண்ணில் பட வேண்டும். பழைய சிகிச்சைக் காகிதங்களோடு குழுவில் ஒருவர் மருத்துவமனைக்குப் போங்கள். பொய்யாக எழுதச் சொல்லக் கூடாது. முழு வரலாற்றையும் பார்த்து எழுதச் சொல்லலாம்.

இறந்த செய்தியை ஸ்பர்ஷிலும் மாவட்ட அலுவலகத்திலும் உடனே தெரிவியுங்கள். தாமதித்தால் கூடுதலாக ஏறிய பென்ஷனைப் பிறகு அந்த அம்மாவிடமிருந்தே பிடித்துக்கொள்வார்கள். விதவை அடையாள அட்டை, இ.சி.ஹெச்.எஸ். அட்டையில் மாற்றம், வங்கிக் கணக்கு, மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் தாய்க்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய வாழ்நாள் குடும்ப ஓய்வூதியத்தின் பதிவு என்று வரிசையாக முடியுங்கள். முதல் சில வாரங்கள் அந்த அம்மாவைத் தனியாக எந்த அலுவலகத்துக்கும் அனுப்பாதீர்கள். அடுத்த நவம்பரில் வாழ்நாள் சான்று அவர் பெயரில் ஏற வேண்டும். அதையும் நோட்டில் குறித்துவிடுங்கள்.